உள்ளது உள்ளபடி

பரமகுரு கார்ஸ், கே.டி.சி. நகர்.
தலைக்கு மேல் தோரணம் படபடக்க
"ஒரே கை, அக்கா. டாக்டர் வண்டி.
கிளினிக்குக்கும் கோயிலுக்கும் போனதோட சரி.
மழைத்தண்ணி கூடப் பட்டிருக்காது, பாத்துக்கிடுங்க" என்றார்.
மீட்டரில் முப்பத்தோராயிரம்.
உள்ளே மல்லிகை வாசம்,
கண்ணாடியில் தொங்குகிற அட்டை மல்லிகை.
மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தை
மூன்று தரம் எண்ணிக் கொடுத்தேன்.

வீடுவீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள் நான்.
பெருமாள்புரத்தில், தியாகராஜ நகரில்
விடியுமுன்பே வெறும்வயிற்றோடு காத்திருப்பார்கள்.
பதினெட்டாம் நாள்
ரயில்வே கேட் திறந்தது, வண்டி அசையவில்லை.
ஐஸ்பெட்டியில் பதினோரு பேர் ரத்தம்.
பின்னால் ஹாரன்.
"எக்கா, ஓரங்கட்டுங்க" என்றான் ஒருத்தன்.
ஓரங்கட்ட அது ஓடினால்தானே.

மேலப்பாளையம் மசூது பாய்
பானெட்டைத் திறக்கவே இல்லை.
சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்,
யாரும் இழுக்காத கடைசி முழம் வரைக்கும்.
அங்கே ஒரு கோடு.
செம்பழுப்பில், அடிக்கோல் வைத்துப் போட்டாற்போல்.
"இந்த மட்டுக்கு ஆறு ஏறியிருக்கும்மா."

விரிப்புக்குக் கீழே உலர்ந்த வண்டல்,
தொட்டால் விரலில் மாவு.
மோந்து பார்த்தேன், படித்துறை.
அந்த மார்கழி வெள்ளத்தில்
குறுக்குத்துறை உற்சவரை
முன்கூட்டியே மேலே கொண்டுபோய்விட்டார்கள்.
இந்த வண்டியை யாரும் தூக்கவில்லை.
முருகன் முங்கி எழுந்தால் ஊருக்கே தெரியும்.
இது முங்கி எழுந்து, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துத்
தோரணத்துக்குக் கீழே வந்து நின்றுகொண்டது.

என் தொழில் எனக்குத் தெரியும்.
மூடி திருகும் டப்பாவில் அந்த மண்ணை எடுத்துச்
சீட்டு ஒட்டினேன்.
பெயர்: தாமிரபரணி
வயது: (கோடு போட்டுவிட்டேன்)
எடுத்த இடம்: ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்
நேரம்: காலை 11.20
எடுத்தவர்: மு. உலகம்மை

பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது.
பதில் வந்தது ஒரே வரி,
ரசீதின் பின்பக்கம் பார்க்கவும் என்று.
பார்த்தேன். எறும்பு ஊர்ந்த எழுத்தில்
'உள்ளது உள்ளபடியே விற்பனை.'
கீழே என் கையெழுத்து, அழகாக.

அத்தான் சொன்னார்,
"இருவதாயிரம் தாராராம், வாங்கிட்டு விட்டுரு.
நம்ம ஆளுதாம்லா."
நம்ம ஆளு என்பதால்தான்
சீட்டுக்கு அடியில் நான் பார்க்கவில்லை.

ஐந்து வாய்தா. வக்கீல் வைக்கவில்லை.
வைக்காமலும் பேசலாம் என்று
ஆணையத்துக் கிளார்க்கே சொன்னார்.
ஆறாவது முறை
எதிர்த்தரப்பு எழுந்து, உள்ளது உள்ளபடி என்றது.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
பிறகு சொன்னேன்:
"உள்ளபடின்னா ஐயா, உள்ள இருந்ததைச் சொல்லணும்லா.
உள்ள ஆறு இருந்துச்சு."
தலைவர் டப்பாவை வாங்கி
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
உண்மையில், மண்ணைவிட அதிகம் பேசியது
இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய கடிதம்தான்:
முழு இழப்பு, வெள்ளம், தொகை பட்டுவாடா ஆயிற்று.
ஆனால் டப்பாவுக்கும் ஒரு எண் போட்டார்கள்.
அது போதும் எனக்கு.

வண்டியைத் திரும்ப ஒப்படைக்கணும்,
பணத்தை ஒன்பது வட்டியோடு கொடுக்கணும்,
மன உளைச்சலுக்குப் பதினைந்தாயிரம்,
நாற்பத்தைந்து நாளைக்குள்.
மன உளைச்சலை
எந்தக் குழாயில் எடுத்து அளந்தார்களோ.

இன்று நாற்பத்தாறு.
பரமகுரு போனை எடுக்கவில்லை.
மடியில் ஐஸ்பெட்டியோடு
சுலோசன முதலியார் பாலத்தில், டவுன் பஸ்ஸில் நான்.
கீழே ஆறு, முழங்கால் அளவுக்கு,
ஒன்றும் தெரியாததுபோல.
நிறைவேற்று மனுவுக்கு எத்தனை நகல் வைக்கணும் என்று
இறங்கிக் கேட்க வேண்டும்.
டப்பாவைத் திருப்பித் தருவார்களா என்றும்.